சுபேதார் பதில்கள்: அஸ்மாராவில் ஓர் அவுட்பாஸ்

சென்ற இதழில், பழைய பாத்திரங்களை எடைக்குப் போடலாமா என்று கேட்ட வாசகிக்குப் பதில் எழுதும்போது, "எங்கள் வீட்டு இட்லித் தட்டு ஆப்பிரிக்காவில் அஸ்மாரா என்ற ஊரில் அடித்தது, அதை நான் எடைக்குப் போடமாட்டேன்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரியைப் பற்றித்தான். பென்ஷன் நிலுவை, கேன்டீன் கார்டு பற்றிக் கேட்டிருப்பவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை அஸ்மாரா மட்டும்.

ஆரணி வாசகர்: அஸ்மாரா எங்கே இருக்கிறது? அங்கே நம் ராணுவத்துக்கு என்ன வேலை?

செங்கடலின் மேற்குக் கரையில் எரித்திரியா என்று ஒரு நாடு இருக்கிறது. அதன் தலைநகர் அஸ்மாரா. எத்தியோப்பியாவோடு முப்பது ஆண்டு போராடி 1991-ல் விடுபட்டு, 1993-ல் வாக்கெடுப்பு நடத்தித் தனி நாடானவர்கள். 1998-ல் பத்மே என்ற சிற்றூர் யாருடையது என்று இரண்டு நாடுகளுக்கும் மறுபடி சண்டை மூண்டது. இரண்டு ஆண்டில் பல்லாயிரம் பேர் போனார்கள். 2000-ல் சண்டை நின்றபோது எரித்திரிய எல்லைக்குள் 25 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டையை ஒதுக்கி, அதில் இரண்டு படையும் நுழையக்கூடாது, ஐ.நா. காவல் இருக்கும் என்று முடிவானது. அந்தக் காவலில் நம் பட்டாலியனும் இருந்தது, சாலை போடுகிற இன்ஜினியர் கம்பெனியும் இருந்தது. நான் சாப்பர், அதாவது ராணுவப் பொறியியல் பிரிவுக்காரன். பெங்களூரில் பயிற்சி முடித்த பழைய 'தம்பி'; மதராஸ் சாப்பர்களைப் பட்டாளத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். 2004-ல் நாயப் சுபேதாராக நீலத் தொப்பி போட்டுக்கொண்டு போனேன். புல்டோசர் ஓட்டுகிறவர்களை மேய்ப்பது என் வேலை. வீரதீரக் கதை எதுவும் என்னிடம் இல்லை.

குடியாத்தம் ஆசிரியை ஒருவர்: அப்படிப்பட்ட இடத்தில் விடுமுறை நாள் எப்படி இருக்கும்? காலையிலிருந்து சொல்லுங்களேன், என் மாணவிகளுக்குப் படித்துக் காட்டவேண்டும்.

காலையிலிருந்தே சொல்கிறேன், டீச்சர். எங்கள் முகாம் தெற்கே செனாஃபே பக்கம். விடுமுறை என்றால் அன்று கட்டிலில் படுத்துக் கிடக்கலாம், துணி துவைக்கலாம், வாலிபால் ஆடலாம், அவ்வளவுதான். அஸ்மாராவுக்குப் போக வேண்டுமானால் சாமான் ஏற்றி வரப் போகும் வண்டிகளோடு சேர்ந்து போய், அவற்றோடு திரும்ப வேண்டும். என் முறை வந்தது ஒரு வெள்ளிக்கிழமை.

இருட்டோடு கிளம்பி மூன்று மணி நேரத்துக்கு மேல் மலைச்சாலை. வழியில் செகெனெய்த்தி என்ற ஊருக்கருகே வயல் நடுவே பெரிய பெரிய அத்தி மரங்கள் நிற்கும். ஒவ்வொன்றின் நிழலிலும் ஒரு கல்யாணப் பந்தி வைக்கலாம். அவர்களுடைய ஐந்து நக்ஃபா நோட்டில் அந்த மரத்தை அச்சடித்திருக்கிறார்கள். நக்ஃபா என்பது அவர்களுடைய காசு.

ஒன்பது மணிக்கு ஊருக்குள் இறக்கிவிட்டார்கள். மாலை ஐந்து மணிக்கு அதே இடத்தில் நிற்கவேண்டும். சிவில் உடை, பையில் அவுட்பாஸ், அதாவது முகாமை விட்டு வெளியே போகும் அனுமதிச் சீட்டு. நாங்கள் மூன்று பேர்: நான், ஒரு கேரளத்து ஹவில்தார், ஒரு திண்டுக்கல் பையன். குளிர். அஸ்மாரா நம் ஊட்டியைவிடச் சற்று உயரம், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,325 மீட்டர். ஆனால் ஊட்டியின் ஈரம் கிடையாது. வெயில் கண்ணாடி போல இருக்கும், நிழலில் கால் வைத்தால் உடம்பு நடுங்கும்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். நடைபாதையில் ஒரு கிழவர் குடையோடு எதிரே வந்தார். அவருக்கு வழிவிட ஒதுங்க வேண்டும். ஒதுங்கினால் பக்கத்தில் புல். என் கால் புல்லில் இறங்கவே இல்லை. எல்லைப் பக்கம் கண்ணிவெடி புதைந்த மண். அங்கே போன முதல் நாளிலிருந்து காதில் ஓதியது ஒன்றே ஒன்றுதான்: தார்ச்சாலையை விட்டுக் காலை எடுக்காதே. சிறுநீர் கழிக்கக்கூடச் சாலை ஓரத்தை விட்டு இறங்கமாட்டோம். ஐந்து மாதத்தில் கால் அதைக் கற்றுக்கொண்டுவிட்டது. திரும்பிப் பார்த்தால் மற்ற இருவரும் என்னைப் போலவே நடைபாதையின் விளிம்பில் கொக்கு மாதிரி நிற்கிறார்கள். கிழவர் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தானே புல்லில் இறங்கி நடந்து போனார்.

பெரிய கடைவீதிக்கு ஹார்னெட் அவென்யூ என்று பெயர். ஹார்னெட் என்றால் விடுதலை. இருபக்கமும் பனை இனத்து மரங்கள். இத்தாலியர்கள் ஆண்டபோது அந்தத் தெருவுக்கு முசோலினியின் பெயர். பிறகு எத்தியோப்பியப் பேரரசர் பெயர். எவன் வந்தாலும் முதலில் அந்தத் தெருவுக்குத்தான் பெயர் வைப்பான் போலிருக்கிறது. ஒரு பக்கம் 1920-களில் கட்டிய கத்தோலிக்கத் தேவாலயம், செங்கல் நிறத்தில், உயர்ந்த மணிக்கூண்டோடு. இன்னும் கொஞ்சம் நடந்தால் 1938-ல் கட்டிய பெரிய மசூதி. அதற்கு அப்பால் அவர்களுடைய ஆர்த்தோடாக்ஸ் மாதா கோயில், எண்டா மரியம். மூன்றும் கூப்பிடு தூரத்தில். வெள்ளிக்கிழமை என்பதால் மசூதித் திடலில் செருப்புகள் வரிசை கட்டியிருந்தன.

டீச்சருக்குப் பிடித்த விஷயம் ஒன்று. அவர்கள் பேசுவது திக்ரின்யா. கடைப் பலகை எழுத்தைப் பார்த்தால் தீக்குச்சிகளைக் கொட்டியது போல இருக்கும். ஆனால் அது நம் உயிர்மெய்யின் தூரத்துப் பங்காளி மாதிரி. ஒரு மெய்க்கு ஒரு வடிவம், அதில் சின்னக் கொம்போ காலோ மாறினால் உயிர் மாறும். நமக்குப் பன்னிரண்டு, அவர்களுக்கு ஏழு. க, கா, கி தெரிந்தவனுக்கு அதன் சூட்சுமம் அரை மணியில் பிடிபட்டுவிடும். பகல் பன்னிரண்டுக்குள் திண்டுக்கல் பையன் 'பார்' என்ற பலகையைப் படித்துவிட்டான். அவன் எந்தச் சொல்லை முதலில் படிப்பான் என்று எனக்கு முன்பே தெரியும்.

வாலாஜாபேட்டை வாசகர்: தெரியாத நாட்டில் ஊர் சுற்றப் பயமாக இல்லையா?

இல்லை. நான் பார்த்த தலைநகரங்களில் இரவில் பெண்கள் தனியாக நடந்து போன ஊர் அது. மாலையானால் கிழவன் கிழவி முதல் குழந்தை வரை உடுத்திக்கொண்டு கடைவீதியில் சும்மா நடப்பார்கள். அது இத்தாலியர்கள் விட்டுப்போன பழக்கம். எங்களைப் பார்த்ததும் பையன்கள் "ஹிந்தி! ஹிந்தி!" என்று கத்தினார்கள். இந்திப் படப் பாட்டில் இரண்டு வரி பாடியும் காட்டினார்கள். நாங்கள் மூவருமே இந்திக்காரர்கள் இல்லை என்பதை எந்த மொழியில் விளக்குவது? தலையாட்டிவிட்டு வந்தோம். ராணுவம், போலீஸ் பக்கம் கேமராவைத் திருப்பாதே என்பது மட்டும் கண்டிப்பு. நகரத்தைத் தாண்டி வெளியே போகக் கையில் அனுமதிச் சீட்டு வேண்டும். ஊரோரத்தில் பழைய டேங்குகளைக் குவித்து வைத்திருக்கும் 'டேங்க் சுடுகாடு' ஒன்று உண்டு. அதைப் பார்க்கவும் சீட்டு வேண்டும். நான் போகவில்லை. டேங்க் பார்க்க எனக்கு லீவு எதற்கு?

வேலூர் பொறியியல் கல்லூரி மாணவர்: அஸ்மாராவில் விமானம் போன்ற பெட்ரோல் பங்க் ஒன்று இருப்பதாகப் படித்தேன். நேரில் பார்த்தீர்களா?

பார்த்தேன் தம்பி. ஃபியட் தாலியேரோ என்று பெயர். 1938-ல் கட்டியது, வரைந்தவர் ஜுசெப்பே பெட்டாத்சி. நடுவில் விமானி அறை போல ஒரு கூண்டு. அதிலிருந்து இரண்டு பக்கமும் பதினைந்து பதினைந்து மீட்டருக்குக் கான்கிரீட் இறக்கை. கீழே ஒரு தூண் கிடையாது.

நம் ஊரில் நான்கடி சன்ஷேடு போட்டுவிட்டுச் சென்ட்ரிங் பிரிக்கிற அன்று மேஸ்திரி சாமி கும்பிடுவதைப் பார்த்திருப்பாய். இங்கே பதினைந்து மீட்டர். தூண் வைத்தே ஆகவேண்டும் என்று அதிகாரிகள் சொன்னார்களாம். முட்டுக்கொடுத்த மரங்களோடு கட்டி முடித்து, திறப்பு நாளன்று முட்டு மரங்களைப் பிடுங்கச் சொன்னாராம் பெட்டாத்சி. கொத்தனார் மாட்டேன் என்று நிற்க, அவர் தலையில் துப்பாக்கியை வைத்துப் பிடுங்க வைத்தாராம். ஊரில் சொல்லும் கதை. நடந்ததோ இல்லையோ, சென்ட்ரிங் வேலை தெரிந்தவன் அந்தக் கதையை நம்பாமல் இருக்கமாட்டான். நான் ஓர் இறக்கையின் அடியில் போய் நின்று, வேரிலிருந்து நுனி வரை கண்ணை ஓட்டினேன். எங்காவது தொங்கல் தெரிகிறதா, விரிசல் ஓடியிருக்கிறதா என்று. நுனியில் காரை கொஞ்சம் உதிர்ந்திருந்தது. தொங்கல் இல்லை. அறுபத்தாறு வருஷம் ஆகியிருந்தது. வடிவத்தை விடு, அந்தக் கான்கிரீட்டைக் கலந்தவனின் கையைப் பார்க்கவேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவன் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

சினிமா தியேட்டர் பிடிக்குமானால் 'இம்பெரோ' என்று ஒன்று, 1937-ல் கட்டியது, முகப்பெல்லாம் கப்பல் ஜன்னல் போல வட்ட விளக்குகள். உள்ளே போகவில்லை. நேரமில்லை. ஏன் நேரமில்லை என்பது அடுத்த பதிலில்.

சோளிங்கர் வாசகி: ஆப்பிரிக்காவில் போய் இட்லித் தட்டு அடிக்க வேண்டிய அவசியம் என்ன? எப்படி அடித்தீர்கள்?

அவசியம் என்னவென்றால், எங்கள் லங்கரில், அதாவது பட்டாளத்துச் சமையற்கட்டில், அரிசி இருந்தது, உளுந்து இருந்தது, அரைக்க மிக்ஸி இருந்தது. குளிரில் மாவு புளிக்காது என்பதால் ஜெனரேட்டர் ஓடும் கொட்டகைக்குள் பாத்திரத்தை வைத்துப் புளிக்கவைக்கும் வித்தையையும் கண்டுபிடித்திருந்தோம். டீசல் வாசனை லேசாக இருக்கும், பரவாயில்லை. இல்லாதது தட்டு ஒன்றுதான். டம்ளரில் ஊற்றி வேகவைத்தோம், கிண்ணத்தில் ஊற்றினோம். ஹவில்தார் ஒருமுறை சோப்பு டப்பாவில் ஊற்றினார். அதைப் பற்றி விரிவாக எழுதவேண்டாம்.

அஸ்மாராவில் மெதெபெர் என்று ஒரு சந்தை இருக்கிறது. ஒரு காலத்தில் ஒட்டக வணிகர்கள் தங்கிய சத்திரம். வளைவு வாசலைத் தாண்டி உள்ளே காலை வைத்ததும் காது அடைத்துவிடும். நூற்றுக்கணக்கான சுத்தியல்கள் ஒரே நேரத்தில் தகரத்தில் விழுகின்றன. எண்ணெய் பீப்பாயை வெட்டி அடுப்பு செய்கிறான் ஒருவன். உணவு உதவியாக வந்த சமையல் எண்ணெய் டின்னைப் பிரித்து வாளி செய்கிறான் இன்னொருவன். லாரி டயர் செருப்பாகிறது. கட்டடக் கம்பியை நிமிர்த்திக் கட்டில் கால் செய்கிறார்கள். அந்தச் சந்தையில் 'தூக்கிப் போடுவது' என்பதற்குச் சொல்லே இருக்காது என்று நினைக்கிறேன். ஒரு மூலையில் பெண்கள் மிளகாய் அரைக்கும் இயந்திரங்கள். அந்தப் பக்கம் காற்றடித்தால் மொத்தச் சந்தையும் ஒரு முறை தும்மும். சுத்தியல் சத்தம் அப்போது ஒரு நொடி நிற்கும், பிறகு தொடரும்.

அங்கே ஒரு பெரியவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் ஊரில் பெரியவர்களை 'அபோய்' என்று கூப்பிடவேண்டும், அப்பா என்று பொருள். அபோய் என்றேன், நிமிர்ந்தார். அதற்கு மேல் எனக்கு மொழி இல்லை. தரையில் கரியால் ஒரு பெரிய வட்டம், உள்ளே ஏழு சின்ன வட்டங்கள் வரைந்தேன். அவர் யோசித்து, கோழி முட்டை அடுக்கவா என்பது போலக் கையால் காட்டினார். இல்லை. விளக்கா? இல்லை. கூட்டம் சேர்ந்துவிட்டது. பள்ளிக்கூடப் பையன் ஒருவனை இழுத்து வந்தார்கள். அங்கே ஆறாம் வகுப்பிலிருந்து பாடமெல்லாம் ஆங்கிலத்தில். அவனிடம் "அரிசி மாவு, ஆவியில் வேகும்" என்று விளக்கினேன். அவன் பெரியவரிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. என்ன சொன்னாய் என்று கேட்டேன். "இவர்கள் ஊர்த் தாய்த்தா ரொம்பச் சின்னதாம்" என்றானாம். தாய்த்தா என்பது அவர்களுடைய புளித்த மாவு ரொட்டி, ஒரு சைக்கிள் சக்கரத்தின் பாதி அகலம் இருக்கும்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகம். ஓட்டை விழுந்த ஒரு பெரிய அலுமினியச் சட்டியின் அடிப்பாகத்தை வெட்டி எடுத்தார். குழி எவ்வளவு ஆழம் என்பதற்கு ஒவ்வொரு கரண்டியாக எடுத்து நீட்டினார், நான் ஒன்றைத் தொட்டேன். மரக்கட்டையில் அந்தக் கரண்டி அளவுக்குக் குடைந்திருந்த பள்ளத்தின் மேல் தகட்டை வைத்து, உருண்டைமுகச் சுத்தியலால் தட்டத் தொடங்கினார். நடுக்குழியை முதலில் அடித்தார். ஆழம் கூடிவிட்டது. உச்சுக்கொட்டினார். என்னைப் பார்த்தார். நான் பரவாயில்லை என்று கையைக் காட்டினேன். அடுத்த ஆறும் அச்சில் வார்த்த மாதிரி விழுந்தன. ஒரு சுற்று தட்டுவார், தகட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார், கட்டைவிரலால் தடவுவார், மறுபடி தட்டுவார். என் தாய்மாமன் கொல்லுப்பட்டறை வைத்திருந்தார். இரும்பைத் தடவுகிற கட்டைவிரல் எந்த ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. ஆவி ஏற ஆணியால் துளை போடவேண்டும் என்றேன். அதற்கு மட்டும் அவர் ஒப்பவில்லை. நல்ல பாத்திரத்தில் யாராவது ஓட்டை போடுவார்களா? இவ்வளவு நேரம் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தவர் அல்லவா. பையன் கால்மணி நேரம் வாதாடி அனுமதி வாங்கிக்கொடுத்தான்.

அறுபது நக்ஃபா கேட்டார். நான் பேரம் பேச வாயெடுக்குமுன், "எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஓர் இந்தியர்" என்று பையன் மூலம் சொல்லி அனுப்பினார். எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாஸி காலத்தில் நம் ஆசிரியர்கள் நிறையப் பேர் அந்தப் பக்கத்துப் பள்ளிகளில் வேலை பார்த்தார்கள், பெரும்பாலும் கேரளத்தார். ஹவில்தாரின் முகத்தில் அப்படியொரு பெருமை. அறுபதை எண்ணிக் கொடுத்தேன். கணக்கு வாத்தியாரின் பெயரைக் கெடுக்க முடியுமா?

திருப்பத்தூர் வாசகர்: நீங்கள் சைவமா? அங்கே என்ன சாப்பிட்டீர்கள்?

நான் கறி தின்பவன்தான், ஆனால் வெள்ளிக்கிழமை கவிச்சி தொடமாட்டேன். வெளிநாட்டில் அதைச் சொன்னால் யாருக்கும் புரியாது. இங்கே புரிந்தது. ஆர்த்தோடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதனும் வெள்ளியும் இறைச்சி, பால், முட்டை எதையும் தொடமாட்டார்கள். எங்களை மதியம் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார் பெரியவர். நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னதும் வீட்டம்மாள் கையைத் தட்டி, எங்களுக்கும் அதேதான் என்றார்.

ஒரு பெரிய தட்டில் தாய்த்தாவை விரித்து, நடுவில் ஷிரோ ஊற்றினார்கள். கொண்டைக்கடலை மாவைக் காரத்தோடு கொதிக்கவிட்ட குழம்பு. சுற்றிலும் பருப்பு, கீரை. எல்லோரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து வலது கையால் பிய்த்துத் தின்னவேண்டும். தாய்த்தா பார்ப்பதற்கு நம் ஆப்பத்தின் அக்காள் மாதிரி, ஒரு பக்கம் மட்டும் வெந்து மேலெல்லாம் கண் கண்ணாகத் துளை. புளிப்பு கூடுதல். ஐந்து மாதம் முள்கரண்டியோடு போராடிய திண்டுக்கல் பையன் அன்று தின்ற தின்னலில் எனக்கு வெட்கமாகிவிட்டது. வீட்டம்மாள் ஒரு கவளத்தை உருட்டி அவன் வாயிலேயே ஊட்டிவிட்டார். அது அங்கே மரியாதை. பையன் அதன்பிறகு கொஞ்ச நேரம் தலை நிமிரவில்லை. அவனுடைய அம்மா அந்த ஆண்டுதான் தவறியிருந்தார்.

போளூர் வாசகி: எத்தியோப்பியா, எரித்திரியா என்றால் காப்பி என்கிறார்களே. நம் காப்பி போல இருக்குமா?

கடைவீதியில் கிடைப்பது இத்தாலியக் காப்பி. மக்கியாத்தோ என்று சின்னக் கண்ணாடி டம்ளரில், நுரையோடு. நல்ல காப்பிதான். ஆனால் வீட்டுக் காப்பி வேறு கதை அம்மா. அதற்கு நேரம் என்று ஒன்று கிடையாது. பச்சைக் கொட்டையை நம் எதிரிலேயே கழுவி வறுத்து, புகையோடு ஒவ்வொருவர் மூக்கருகிலும் கொண்டு வருவார்கள். கையால் புகையை வாரி முகர்ந்து நன்றாயிருக்கிறது என்று சொல்லவேண்டும். பிறகு இடித்து, ஜெபெனா என்ற நீள்கழுத்து மண்கூஜாவில் கொதிக்கவைத்து, பிடியில்லாத சின்னக் கோப்பையில் ஊற்றுவார்கள். பக்கத்தில் சாம்பிராணிப் புகை ஓடிக்கொண்டிருக்கும். இடித்த இஞ்சியும் சேர்ப்பார்கள். முதல் வாயிலேயே எனக்குச் சுக்குக் காப்பி நினைவு வந்துவிட்டது. இது என்ன என்று கேட்டால் 'ஜிஞ்ஜிபில்' என்றார் வீட்டம்மாள். அரபி வழியாகப் போன அந்தப் பெயருக்கும் ஆங்கிலத்து ஜிஞ்ஜருக்கும் மூலம் நம் 'இஞ்சி'தான் என்று அறிஞர்கள் சொல்வதை வெகுநாள் கழித்துப் படித்தேன். அன்று தெரிந்திருந்தால் இன்னொரு கோப்பை உரிமையோடு கேட்டிருப்பேன்.

கேட்கத் தேவையும் இல்லை. ஒரு கோப்பையோடு எழுந்தால் அவமரியாதை. மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் அதே பொடியில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவேண்டும். மூன்றாவதற்குப் பெயர் 'பெரெகா', ஆசீர்வாதம். இரண்டாவது சுற்று முடியும்போது மணி நாலரை.

எழ நினைத்தபோதுதான் பெரியவர் சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். சீருடையில் ஒரு பையன், பிளாஸ்டிக் செருப்பு. அவர் மகன். அங்கே பள்ளி முடித்ததும் ஆண் பெண் இருபாலருக்கும் தேசியப் பணி கட்டாயம். சட்டப்படி பதினெட்டு மாதம். 1998 சண்டைக்குப் பிறகு அந்தப் பதினெட்டு மாதம் முடிவதே இல்லை. மகன் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. எந்தப் பக்கம் இருக்கிறான் என்று கேட்டேன். சொன்ன பெயர் எங்கள் முகாமிலிருந்து இருபது மைல்கூட இருக்காது, ஐ.நா. காவல் பட்டைக்கு இந்தப் பக்கம். எப்போதாவது அவனைப் பார்த்திருக்கிறாயா என்று அந்த அம்மாள் படத்தை என் கையில் கொடுத்தார். நான் நன்றாக உற்றுப் பார்த்தேன். பார்க்கவேண்டிய அளவுக்கு மேல் பார்த்தேன். சாலையோரம் கைகாட்டிய ஆயிரம் பையன்களில் இவன் இருந்திருக்கலாம். இல்லை என்றுதான் சொன்னேன். எனக்குப் பட்டாளத்தில் வெளியே வரும் தேதி சேர்ந்த அன்றே தெரியும். அந்தப் பையனுக்குத் தெரியாது.

மூன்றாவது கோப்பையையும் குடித்துவிட்டுத்தான் கிளம்பினோம். வண்டியடிக்கு வந்தபோது ஐந்து இருபத்தைந்து. கான்வாய்க்குப் பொறுப்பாக வந்திருந்த இளம் கேப்டன் கோபமாக நின்றார். என் கோட்டில் அடித்த சாம்பிராணி வாசனையை முகர்ந்துவிட்டு, "சாகிப், சர்ச்சுக்கா போயிருந்தீர்கள்?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இருபத்தேழு வருடச் சர்வீஸில் அதிகாரியிடம் சொன்ன பொய்களை எண்ணினால் ஒரு கை விரல் போதும். அதில் இது ஒன்று.

ஆற்காடு வாசகர்: என் தாத்தா இரண்டாம் உலகப் போரில் 'கெரன்' என்ற இடத்தில் சண்டையிட்டதாகச் சொல்வார். அது எரித்திரியாவா?

ஆமாம் ஐயா. அஸ்மாராவுக்கு வடமேற்கே உள்ள மலையூர். 1941 பிப்ரவரியிலிருந்து மார்ச் 27 வரை இத்தாலியர்களோடு அங்கே கடும் சண்டை. நம் 4-வது, 5-வது இந்திய டிவிஷன்கள் போரிட்டன. இராஜபுதன ரைஃபிள்ஸின் சுபேதார் ரிச்பால் ராம் அங்கே காட்டிய வீரத்துக்கு, இறந்தபின் விக்டோரியா கிராஸ் கிடைத்தது. கெரன் விழுந்த சில நாளில், ஏப்ரல் 1-ல், அஸ்மாரா சண்டையில்லாமல் கையில் வந்தது. கெரனில் போர்க் கல்லறையும், தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கிய வீரர்களுக்குத் தனியாக ஒரு நினைவிடமும் இருக்கின்றன. ஒரு நாள் அவுட்பாஸில் எட்டாத தூரம். போகவில்லை. அந்தக் குறை எனக்கு உண்டு. உங்கள் தாத்தாவின் சர்வீஸ் புத்தகம் கிடைத்தால் ரெஜிமென்ட் பெயரை எழுதியனுப்புங்கள், ரெக்கார்ட் ஆபீசுக்கு எப்படி எழுதுவது என்று சொல்கிறேன்.

காட்பாடி கல்லூரி மாணவி: மறுபடி போனீர்களா? இப்போது அந்த ஊர் எப்படி இருக்கிறது?

போகவில்லை. ஐ.நா. காவல் 2008 ஜூலையோடு முடிந்துவிட்டது. அந்தப் பழைய கட்டடங்களுக்காக 2017-ல் யுனெஸ்கோ அஸ்மாராவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2018-ல் இரண்டு நாட்டுத் தலைவர்களும் கட்டித் தழுவிக்கொண்டதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். ஊரில் ஒரு விஷயம் சொல்ல மறந்தேன், சைக்கிள். அங்கே எல்லோருக்கும் சைக்கிள் பைத்தியம். நாங்கள் நடந்த தெருவிலேயே பந்தயப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது, ஓரம் போ என்று எங்களை விரட்டினார்கள். (அப்போதும் நாங்கள் புல்லில் இறங்கவில்லை.) 2024-ல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் மூன்று கட்டங்களை வென்று, புள்ளிகளில் முதலிடத்துக்கான பச்சைச் சட்டையும் வாங்கிய பினியம் கிர்மாய் அஸ்மாராப் பையன். நாங்கள் போன ஆண்டு அவனுக்கு நாலு வயது. செய்தி பார்த்ததும் ஹவில்தார் கோட்டயத்திலிருந்து போன் செய்து, "சாகிப், நம் ஊர்ப் பையன்" என்றார். நம் ஊராம்.

அதே சோளிங்கர் வாசகி, இரண்டாவது கடிதத்தில்: தட்டு இன்னும் உபயோகத்தில் இருக்கிறதா?

இருக்கிறது. பட்டாளத்துப் பெட்டியின் அடியில் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்தேன். ஆறு குழி இட்லியும் ஒழுங்காக வரும். நடுக்குழியில் ஊற்றுவது மட்டும் தொப்பி மாதிரி எழும்பும். வேக இரண்டு நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும், பேரப்பிள்ளைகள் அதற்குத்தான் சண்டை போடுவார்கள். அவசரத்துக்கு ஆகாத தட்டு என்று என் மனைவி அதைப் பரணில் ஏற்றுவார். நான் இறக்கி வைப்பேன். நேற்று மறுபடி ஏற்றிவிட்டார்.